அக்கா வாங்கித் தந்த முறை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பியின் வணக்கம். அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று உங்களில் பலரிடம் கேட்டிருந்தேன். நீங்களும் மனமுவந்து எழுதித் தந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தபோது எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் வந்தது. மன்னிக்க வேண்டும், அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

"பொறுமையின் உறைவிடம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர்" என்று இன்னொருவர். சித்தப்பா ஒரு படி மேலே போய், "கணவரின் அனுமதியோடு கல்விப் பணி ஆற்றிய குலவிளக்கு" என்று எழுதித் தந்தார். நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? அக்கா அதிர்ந்துதான் பேசுவார். தலத்தெருவில் என் மோட்டார் பம்ப் கடையில் இரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலும், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர் "டேய்" என்று கூப்பிட்டால் பின்கட்டு வரை கேட்கும். பொறுமை என்பது அவரிடம் பாடம் நடத்தும்போது மட்டும் இருந்தது. சித்தப்பா எழுதியதை அத்தானிடம் காட்டினேன்.

"நான் எங்க தம்பி அனுமதிச்சேன்? அவ எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார் அத்தான். பிறகு சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆகவே உங்கள் வரிகளை எல்லாம் இந்த மலரின் பின்பக்கங்களில் அப்படியே அச்சிட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை மட்டும் என்னுடையது. இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பர்வீன் வரவில்லை என்று ஓராண்டாக நம் வீடுகளில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பர்வீன், அக்காவின் கல்லூரியில், அதே துறையில் வேலை பார்க்கும் ஆசிரியர். "பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தா, ஒரு பூசைக்கு வந்து நிக்க முடியலையா?" என்று கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், சாவு வீட்டிலும் கேட்கிறார்கள். "அவுங்கல்லாம் கோயிலுக்கு வரமாட்டாங்கடா" என்று பெரியம்மா தாமாகவே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பர்வீன் வீட்டு நோன்புக் கஞ்சியை வருடா வருடம் தூக்குவாளியில் வாங்கிக் குடித்த வீடு இது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அக்காவின் வாழ்க்கையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அக்கா பிறந்தது காரைக்காலில்தான். அப்பா கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தர். சம்பளத்தோடு, ஊருக்கு வெளியே, வாய்க்கால் முடியும் கடைமடையில் கொஞ்சம் நிலமும் இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருடங்களில் முறை வைத்து விடுவார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இன்னின்ன நாள், இன்ன நேரம் வரை இன்னார் வயலுக்கு என்று பேசி வைத்துக்கொள்வார்கள். முறை வந்தால் அந்த வீட்டு ஆள் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். அப்பாவுக்கு அலுவலகம். நான் கைப்பிள்ளை. அதனால் பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் அக்காதான் போய் நிற்பார்.

ஒரு தடவை எங்கள் முறை காலையில் வந்தது. பக்கத்து வயல்காரர் அக்காவைப் பார்த்து இரக்கப்பட்டார். "பாப்பா, இந்த வெயில்ல நீ எதுக்கும்மா நிக்கிற? கறுத்துப் போயிடுவ. வீட்டுக்குப் போ, ஒங்க வயலுக்கு நாங்களே பாத்து வெட்டி விட்டுடுறோம்" என்றார். அக்காவும் நல்ல மனிதர் என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வயலுக்குத் தண்ணீர் பாதிகூட ஏறவில்லை. அது போனால் போகட்டும். அடுத்த முறை வைக்கப் பேசியபோது அதே மனிதர், "போன தரம் அவுங்களுக்கு அவ்வளவா தேவப்படலைங்க, இந்தத் தரம் நேரத்தைக் குறைச்சுக்கலாம்" என்று சொன்னார். அப்பா அக்காவைத் திட்டவில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் வயல் பாதி காய்ந்தது. அதற்குப் பிறகு எங்கள் முறை வந்த நாட்களில் வயல் நிரம்பும் வரை அக்காவை மடையை விட்டு நகர்த்த யாராலும் முடியவில்லை. அம்மா சாப்பாட்டைக் கொண்டுபோய் அங்கேயே கொடுப்பார்.

அக்கா நன்றாகப் படித்தார். சிவில் இன்ஜினியரிங் எடுக்கப் போகிறேன் என்றபோது, "டீச்சர் டிரெய்னிங் போனா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்று சொன்னவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தான் சொன்னதால் விடுகிறேன். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தார். மேற்படிப்புக்கு மண்ணியலை எடுத்தார். ஒரு கட்டடத்தை எழுப்பும் முன் அதன் அடியில் இருக்கும் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கும் படிப்பு அது. நம் பக்கத்துக் கடலோரத்தில் மேலே மணல் கெட்டியாகத் தெரியும், கீழே தோண்டினால் களி கிடக்கும், ஆளை ஏமாற்றிவிடும் என்று அக்கா சொல்வார். மாவு பிசைகிற மாதிரி மண்ணை விரலில் உருட்டிப் பார்ப்பார். அத்தானுக்கும் அவருக்கும் திருமணப் பேச்சு நடந்தபோதுகூட, பெண் பார்க்க வந்த வீட்டார் முன்னால், "உங்க வீட்டுச் சுவர்ல வெடிப்பு விட்டிருக்கா?" என்று கேட்டாராம்.

பிறகு ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வேறு கல்லூரிகளில் இது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அங்கே ஒரு வழக்கம். வெளியில் யாராவது கட்டடமோ பாலமோ கட்டும்போது மண் பரிசோதனைக்குக் கல்லூரியைக் கூப்பிடுவார்கள். ஆசிரியர்கள் வண்டியில் இடத்துக்குப் போய், துளை போட்டு மண் எடுத்து வந்து, ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தருவார்கள். இப்படிப் போய் வந்த வேலைகள்தான் பின்னால் பதவி உயர்வுக்கு எண்ணப்படும். போகாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. சரி, போகலாமே என்றால், பெண்களை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். பெண்களுக்கு வேறு வேலை இருந்தது. அறிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டும். கருத்தரங்குக்கு வரும் விருந்தாளிகளை வாசலில் சந்தனமும் கல்கண்டும் கொடுத்து வரவேற்க வேண்டும். பன்னீர் தெளிக்க வேண்டும். மேடையில் பொன்னாடைத் தட்டை ஏந்த வேண்டும். மண்ணியலில் முனைவர் பட்டம் வாங்கிய என் அக்கா, வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் சந்தனத் தட்டைத்தான் தூக்கினார். அதற்குப் பதவி உயர்வில் மதிப்பெண் கிடையாது.

வெளிவேலைகளுக்கு ஆள் அனுப்பும் பொறுப்பில் அக்காவை விடப் பணியில் இளையவர் ஒருவர் இருந்தார். பின்னாளில் அவரே துறைத்தலைவர் ஆனார். அதனால் இங்கே அவரைத் துறைத்தலைவர் என்றே சொல்கிறேன். நல்ல மனிதர். அக்காவுக்கு உடம்பு முடியாதபோது ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு வந்தவர். பிரச்சினையே அவர் நல்ல மனிதர் என்பதுதான். கெட்டவராக இருந்திருந்தால் அக்கா ஒரே வருடத்தில் ஜெயித்திருப்பார்.

"ஏன் சார் என்னை அனுப்புறதில்ல?" என்று அக்கா கேட்டார்.

"மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சைட்டுல லேடீஸுக்கு டாய்லெட் கெடையாது."

"நீங்க இத்தனை பேரு சிவில் இன்ஜினியர். ஊருக்கெல்லாம் பாலம் கட்டித் தர்றீங்க. ஒரு டாய்லெட் கட்டத் தெரியாதா சார் ஒங்களுக்கு?"

அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்தார். வீட்டுக்கு ஒரு அரைக் குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று வந்தவர், மோட்டாரைப் பார்க்கவே இல்லை. "தம்பி, அக்காவுக்கு நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா? பொம்பளைங்க மேல ஒரு சொல்லு வந்துட்டா நாளைக்கு ஒங்களுக்குத்தானே சங்கடம்?" என்றார். முனைவர் பட்டம் பெற்ற ஒருவருடைய வேலையைப் பற்றிப் பேச, பத்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்த தம்பியிடம் வருகிறார்கள். ஏனென்றால் தம்பி ஆண். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அக்காவிடம் சொன்னேன். "மோட்டார் வாங்குனாரா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவரு வந்ததுல யாருக்கும் பிரயோஜனம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் போட ஒரு கூடம் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. மண் பார்க்கக் கல்லூரி வண்டி கிளம்பியது. வண்டியில் இடம் இல்லை என்றார்கள். அக்கா சரி என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குறுக்கு வழியில் போய், வண்டி வருவதற்கு முன்னாலேயே அங்கே நின்றார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் முதலில் பார்த்துவிட்டு, யாரோ மீன் வாங்க வந்த டீச்சர் என்று நினைத்திருக்கிறார்கள். ஏலம் முடித்த பெண்கள் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அக்கா கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

"வாங்க டீச்சர், எங்க வூட்டுக்கு வாங்க" என்று ஒரு அம்மாள் கூட்டிப்போனார். போகும் வழியில், "நாங்க விடியக்காலத்துலேருந்து இங்கதான கெடக்கோம். பொம்பளைங்க எங்க போவாங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலைங்க. நீங்களாச்சும் கட்டுற கூடத்துல அதையும் சேத்துப் போடச் சொல்லுங்க" என்றார்.

அன்று முழுக்க அக்கா மண்ணில் துளை போட நட்டு வைத்த இரும்பு முக்காலியின் அருகிலேயே நின்றார். வானம் இடிந்து விழவில்லை. கடல் பொங்கவில்லை. யாரும் அவர் மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மண் வந்தது, சோதித்தார், எழுதினார். ஏலக்கூடத்தின் வரைபடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரையும் சேர்த்தார். அது மண்ணியல் ஆய்வாளர் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை என்று துறையில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. யார் சொல்ல வேண்டிய விஷயம் என்று அக்கா கேட்டார். அதற்கு விவாதம் நடக்கவில்லை.

ஆனால் அது ஒரு தடவைதான். அடுத்த வேலைக்கு மறுபடியும் வண்டியில் இடம் இல்லை. அதற்கடுத்து மழை. அதற்கடுத்து, "மேடம், உங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லைன்னாங்களே." ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சண்டை போட்டு, ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டரில் போய் நின்று, அக்கா சேர்த்த வேலைகள் கொஞ்சம்தான். பேராசிரியர் பதவி உயர்வு வந்தபோது அவரை விட இளையவருக்குக் கொடுத்தார்கள். "மேடத்துக்கு வெளிவேலை அனுபவம் குறைவு" என்று காரணம் சொன்னார்கள். அனுப்பாதவர்களே சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டு, "அந்த வயக்காரரு ஞாபகம் இருக்காடா ஒனக்கு?" என்றார். நான் கைப்பிள்ளை, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்றேன். அப்போதுதான் அந்த மடைக் கதையை முதன்முதலாக எனக்குச் சொன்னார். பேராசிரியர் பதவி அவருக்குப் பல வருடம் கழித்து, எல்லோருக்கும் கடைசியாகக் கிடைத்தது.

பர்வீன் துறையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். காரைக்கால் பெண். அவரும் மண்ணியல். சேர்ந்த சில நாளிலேயே அவர் கையில் சந்தனத் தட்டு வந்துவிட்டது. முதல் வெளிவேலைக்குக் கேட்டபோது, "வண்டியில எடமில்லையேம்மா" என்றார் துறைத்தலைவர். பக்கத்து மேசையில் அக்கா இருந்தார். அதே சொல், அதே குரல். இத்தனை வருடத்தில் வண்டியை மட்டும் பெரிதாக மாற்றியிருந்தார்கள்.

அடுத்த துறைக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றார். இதைப் பர்வீன்தான் எனக்குச் சொன்னார். "இனிமே யாரும் யாரையும் அனுப்ப வேணாம் சார். வாய்க்கால்ல முறை வெச்சுத் தண்ணி விடுற மாதிரி வெளிவேலைக்கு முறை வைப்போம். துறையில இருக்கிற எல்லாரும் வரிசையா. யாரு முறையோ அவுங்க போவாங்க" என்றாராம்.

"இது என்ன மேடம், கடைமடை விவசாயமா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"ஆமா சார். நானு கடைமடைக்காரிதான். சிரிச்சு முடிச்சிட்டீங்களா? அப்ப இன்னொன்னும் சொல்லிடுறேன். சந்தனத் தட்டுக்கும் முறை. எல்லாருக்கும்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது என்றார் பர்வீன். வெளிவேலைக்கு முறை வைப்பதில் ஆயிரம் நடைமுறைச் சிக்கல் சொன்னவர்கள், சந்தனத் தட்டுக்கு முறை வைப்பதில் ஒரு சிக்கலையும் சொல்ல முடியவில்லை. கல்லூரி ஆண்டு விழாவில் முதல் முறை துறைத்தலைவருக்கே வந்தது. பன்னீர்ச் சொம்பை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், சிறப்பு விருந்தினரின் கண்ணாடியெல்லாம் பன்னீராக அடித்துவிட்டார். விருந்தினர் கைக்குட்டை தேடிய காட்சியை அக்கா என் கடையில் நின்று நடித்துக் காட்டியதை நம் வீட்டில் பலர் பார்த்திருக்கிறீர்கள். அந்த விழாவுக்குப் பிறகு முறைக்கு எதிராக யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. முறை நிலைத்தது. பர்வீன் வண்டியில் ஏறினார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. முறையை யாரும் எதிர்க்கவில்லை, இரக்கப்பட்டார்கள். ரமலான் மாதமா, "பாவம், நோன்போட வெயில்ல வேணாம்." குழந்தைக்குக் காய்ச்சலா, "நீங்க இருங்கம்மா, நான் வேற ஆள அனுப்புறேன்." பர்வீன் கருவுற்றிருந்த மாதங்களில் அவரைக் கேட்காமலேயே முறை கைமாறியது. வருடக் கடைசியில் கணக்கெடுத்தபோது, "பர்வீன் இந்த வருஷம் அதிகமா போகலையே" என்று அதே துறைத்தலைவர் வருத்தத்தோடு சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதில் அக்காவுக்கும் பர்வீனுக்கும் பெரிய சண்டை வந்தது. பெற்ற பெண் மாதிரி என்று நீங்கள் சொல்கிறீர்கள், இரண்டு பேரும் சண்டை போட்டதைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது.

"முறைய ஏன் விட்ட? விட்டுக் கொடுத்தா மொதல்ல பாசம்பாங்க. அடுத்த தரம் ஒனக்குத் தேவையில்லைம்பாங்க" என்று அக்கா கத்தினார்.

பர்வீனும் விடவில்லை. "மேடம், எனக்கு அன்னைக்கு நெசமாவே முடியல. வாந்தி எடுத்துக்கிட்டு சைட்டுல போய் நிக்கணுமா? ஆம்பளைங்க மாதிரி எல்லாத்தையும் தாங்கிக் காட்டுனாதான் எனக்கு முறை தருவாங்கன்னா, அது என்ன மேடம் முறை?"

"நீ சொல்றது சரிதான்" என்றார் அக்கா. சண்டையில் அவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். வயலிலும் இது உண்டு. முடியாத வீட்டுக்காரர் முறையை அடுத்தவருக்குத் தருவார், ஆனால் அவரே தர வேண்டும், வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். முறை தள்ளிப் போகலாம், காணாமல் போகக் கூடாது. இதையே துறையிலும் கொண்டுவந்தார்கள். ஒருவர் தாமாகக் கேட்காமல் அவருடைய முறையை எவரும் மாற்றக் கூடாது. பர்வீன் விட்ட வேலைகள் குழந்தை பிறந்த பிறகு அவருக்கே திரும்பி வந்தன. அடுத்த பதவி உயர்வில் அவர் பெயர் சரியான இடத்தில் இருந்தது. அக்கா அன்று எங்கள் எல்லோருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ஓய்வு பெறச் சில காலமே இருந்தபோது வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அதன் பிறகு நடந்ததை விரித்து எழுத எனக்கு மனமில்லை. மருத்துவமனைக்குத் துறைத்தலைவர் வந்தார். பழக்கூடையை வைத்துவிட்டு, "மேடம், நீங்க எதப் பத்தியும் கவலைப்படாதீங்க. எல்லாத்தையும் நாங்க பாத்துக்குறோம்" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கும் வரை அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பாத்துக்குறேன்னு சொன்னாதாண்டா எனக்குப் பயமா இருக்கு" என்றார். சாவைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொல்லவில்லை. நோயில் பூசுதல் கொடுக்க எண்ணெய்ச் சிமிழோடு வந்த பங்குத்தந்தையிடம் கோயில் மணிக்கூண்டின் அடித்தளத்தைச் சரிபார்க்கச் சொன்னார். கடைசி நாட்களில் அத்தானைத் தவிர யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அத்தான் கையைப் பிடித்தபடியே போனார்.

அடக்கத்துக்குக் கல்லூரியிலிருந்து ஒரு பெரிய பேனர் வந்தது. "பாசத்தின் பிறப்பிடமே" என்று எழுதி, அக்கா சந்தனத் தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் போட்டிருந்தார்கள். முக்காலி பக்கத்தில், சேற்றில் நின்று அவர் வேலை பார்க்கும் ஒரு படம் கூடக் கல்லூரியில் இல்லையாம். யாரும் எடுக்கவில்லை. இந்த மலரின் அட்டைக்கு நான் படம் தேடியபோது, காரைக்கால்மேட்டில் அந்த மீன்கார அம்மாளின் மகன் தன் போனில் எடுத்து வைத்திருந்தது கிடைத்தது. அட்டையில் அக்கா யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். அச்சகத்தில், "வேற நல்ல படம் இல்லீங்களா?" என்று கேட்டார்கள். இதுதான் நல்ல படம்.

இப்போது முப்பதாம் நாளுக்கு வருகிறேன். அன்று மண்டபத்தூரில் ஒரு வெளிவேலை. முறை பர்வீனுடையது. துறைத்தலைவர் முதல் நாளே அவரைக் கூப்பிட்டு, "மேடத்தோட முப்பதாம் நாளு. அன்னைக்குமா போவீங்க? நான் வேற ஆள மாத்தி விட்டுடுறேன், நீங்க கோயிலுக்கு வந்துடுங்க" என்றிருக்கிறார். பாருங்கள், அக்காவின் சாவையே காரணமாக வைத்து, அக்கா வாங்கித் தந்த முறையை எடுக்கப் பார்த்தார்கள். அதையும் அன்பாகத்தான் செய்தார்கள். பர்வீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் கோயில் வாசலில் நம் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் துறைத்தலைவர், "நான் எவ்வளவோ சொன்னேங்க, அந்தப் பொண்ணு கேக்கல" என்று வருத்தப்பட்டார். அவ்வளவுதான். நம் வீட்டுப் பேச்சு அங்கே தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை.

நீங்கள் யாரும் பார்க்காதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம், விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் பர்வீன் வீட்டுக்கு வந்தார். செருப்பிலும் சல்வாரின் ஓரத்திலும் சேறு. வாசலிலேயே நின்றார். பெரியம்மா அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். யாரும் ஒரு டீ கொடுக்கவில்லை. அத்தான்தான் எழுந்து வந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு மண்ணு?"

"மேல நல்ல மணலு சார். கீழ போகப் போகக் களி" என்றார் பர்வீன். "கோயிலுக்கு வரணும்னுதான் சார் இருந்துச்சு. வந்திருந்தா மேடம் என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?"

அத்தான் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன். முப்பது நாளில் எனக்கு நிம்மதியாக அழ முடிந்தது அப்போதுதான்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் துறைத்தலைவர் எனக்குப் போன் செய்தார். ஆண்டு நிறைவு நாளில் காரைக்கால்மேட்டில் ஒரு வேலையாம். சுற்றி வந்ததில் முறை மறுபடியும் பர்வீனுக்காம். "தம்பி, போன தரம் மாதிரி பேச்சு வந்துடக் கூடாது. நான் மாத்தி விட்டுடுறேன். நீங்க சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் தம்பியிடம்தான் வருகிறார். நான் கோபப்படவில்லை. "சார், எங்க வீட்டுத் தண்ணிய நீங்க மாத்தி விடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. "சரி தம்பி, அது அவுங்க முறைதான்" என்றார்.

அக்காவின் நோய்க் காலத்தில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், ரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், தெருவில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரைக்கால்மேட்டில் தன் வீட்டுக் கழிப்பறையை ஒரு டீச்சருக்குத் திறந்துவிட்ட அந்த அம்மாளுக்குத் தனியாக நன்றி. துறைத்தலைவருக்கும் நன்றி, பழங்களுக்காகவும் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவும்.

ஆண்டு நிறைவுத் திருப்பலிக்கு எல்லோரும் வாருங்கள். கோயிலில் பர்வீனைத் தேட வேண்டாம், அவர் இருக்க மாட்டார். சாயங்காலம் நம் வீட்டு வாசலில் சேற்றுக் காலோடு வந்து நிற்பார். பெரியம்மா, இந்த முறை அவரை உள்ளே கூப்பிட்டு, முதலில் ஒரு டீ கொடுங்கள்.